ஃப்ளெக்ஸ்பிளேட் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள காரில் ஃப்ளெக்ஸ்பிளேட்டை மாற்ற முனைபவர்களுக்கு வரும் சந்தேகங்களும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. பிளேட்டைக் கழற்றி மாட்டுவதற்கு அரை மணி நேரம் போதும். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றத்தான் ஒரு நாள் போகிறது. அந்த ஒரு நாளை இரண்டாம் முறையும் செலவழிக்காமல் இருப்பது, இடையில் எடுக்கும் சில அளவுகளைப் பொறுத்தது. இங்குள்ள எண்கள் பொதுவானவை. உங்கள் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேடு வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

ஃப்ளெக்ஸ்பிளேட் என்ன வேலை செய்கிறது? மேனுவல் கார்போல ஃப்ளைவீல் ஏன் இல்லை?

மேனுவல் காரில் இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்கின் பின்முனையில் கனமான ஃப்ளைவீல் இருக்கும். இன்ஜின் சீராகச் சுற்ற அந்த எடை தேவை. ஆட்டோமேட்டிக்கில், இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரே அந்த எடையைத் தந்துவிடுகிறது. கிராங்க்கையும் கன்வெர்ட்டரையும் இணைக்க ஒரு தகடு மட்டும் போதும். பெரும்பாலான கார்களில் அது சுமார் 3 மி.மீ. கனமுள்ள எஃகுத் தகடு. ஸ்டார்ட்டர் கடிக்கும் பல்வளையம் (ரிங் கியர்) அதன் விளிம்பில் வெல்டு செய்யப்பட்டிருக்கும்.

பெயரில் உள்ள 'ஃப்ளெக்ஸ்' காரணத்தோடு வைத்ததுதான். ஓடும்போது உள்ளே ஆயில் அழுத்தமும் சூடும் ஏற, கன்வெர்ட்டர் கொஞ்சம் உப்பும். கிராங்க்கும் முன்பின்னாக மிகச் சிறிதளவு நகரும். தகடு வளைந்துகொடுத்து இந்த அசைவுகளை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அது முன்பின்னாக மட்டுமே வளைய வேண்டிய தகடு. இன்ஜினின் மையமும் கியர்பாக்ஸின் மையமும் விலகியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தகடு வேறு வேறு பக்கம் முறுக்கப்படும். நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் நிமிடத்துக்கு 2000 முறை. எந்த எஃகும் அதைத் தாங்காது.

விரிசல் விட்டிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐடிலில் இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வரும். டி அல்லது ஆர் போட்டதும் அது மாறும், சில நேரம் அடங்கியே போகும். கனெக்டிங் ராட் பேரிங் போனாலும் ஏறக்குறைய இதே சத்தம்தான். அதனால், உடைந்தது ஃப்ளெக்ஸ்பிளேட்டாக இருக்க, இன்ஜினைப் பிரித்துப் போடுவது உண்டு. இன்ஜினைத் தொடும் முன் பெல் ஹவுசிங்கின் (கியர்பாக்ஸின் மணிவடிவ முன்கூடு) அடியில் உள்ள சிறிய மூடியைக் கழற்றி, கிராங்க்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டே டார்ச் அடித்துப் பாருங்கள். கிராங்க் போல்ட்டுகளைச் சுற்றி வட்டமாக ஓடும் கீறல்தான் அதிகம் காணப்படுவது. போல்ட் துளைக்கும் துளைக்கும் நடுவே துருநிறத்தில் பொடி படிந்திருந்தால், கண்ணுக்குக் கீறல் தெரியாவிட்டாலும் அங்கே உலோகம் உரசிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வழி: கன்வெர்ட்டர் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, கன்வெர்ட்டரைப் பின்னே தள்ளி, அது எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிட்டு, கியர் பி-யில் இருக்க, இன்ஜினைச் சில நொடிகள் மட்டும் ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் கன்வெர்ட்டரிலோ அது பிளேட்டோடு சேரும் இடத்திலோ கோளாறு. அப்படியே இருந்தால் பிளேட்டின் நடுப்பகுதி அல்லது இன்ஜின்.

ஸ்டார்ட்டர் சில நேரம் மட்டும் பிடிக்காமல் 'கிர்ர்' என்று சுற்றினால் பல் தேய்ந்திருக்கும். தேய்மானம் வளையம் முழுக்கப் பரவாது. அணைக்கும்போது இன்ஜின் ஏதோ ஒரு சிலிண்டரின் அழுத்தத்தில் முட்டித்தான் நிற்கும். அதனால் நான்கு சிலிண்டர் இன்ஜினில் 2 இடங்களிலும், ஆறில் 3 இடங்களிலும், எட்டில் 4 இடங்களிலும் பல் போகும். வளையம் முழுவதையும் பார்க்காமல் "பல் நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள்.

புதிய பிளேட் வாங்கும்போது எவையெல்லாம் பொருந்த வேண்டும்?

பல் எண்ணிக்கை, கிராங்க் போல்ட் வட்டம் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), கன்வெர்ட்டர் போல்ட் வட்டம், தகட்டின் ஆழம், சமநிலை எடை, சென்சார் துளைகள் ஆகிய ஆறும் பொருந்த வேண்டும். வெளித்தோற்றத்தை நம்பி வாங்கக் கூடாது.

ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8 இதற்கு நல்ல உதாரணம். 153 பல், 168 பல் என இரண்டு அளவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஸ்டார்ட்டரின் முன்மூக்கு வேறு. 1986 மாடலில் பின்பக்க ஆயில் சீல் ஒரே துண்டாக மாறியபோது கிராங்க் போல்ட் வட்டம் 3.58 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாகச் சுருங்கியது. அதோடு, பின்பக்கச் சமநிலை எடையும் பிளேட்டுக்கு வந்துவிட்டது.

சமநிலை எடையில்தான் பெரிய இழப்பு நேர்கிறது. தவறான போல்ட் வட்டம் மாட்டவே மாட்டாது, அங்கேயே பிழை தெரிந்துவிடும். தவறான எடையுள்ள பிளேட்டோ அழகாகப் பொருந்தும், பிறகு இன்ஜினையே உலுக்கும். ஃபோர்டு 302 இன்ஜினில் 1980 வரை 28 அவுன்ஸ்-அங்குல எடை, அதன் பிறகு 50. இரண்டும் ஒரே கிராங்க்கில் ஏறும். மாற்றிப் போட்டு ஓட்டினால் மெயின் பேரிங்குகள் அடிவாங்கும். பழைய பிளேட்டில் வெல்டு செய்த எடைத்துண்டோ துளைத்தெடுத்த குழிகளோ இருந்தால் புதியதிலும் அதே இடத்தில் அதே அளவில் இருக்கிறதா என்று இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

கிரைஸ்லர், ஜீப் இன்ஜின்கள் பலவற்றில் கிராங்க் பொசிஷன் சென்சார் ஃப்ளெக்ஸ்பிளேட்டில் உள்ள துளைகளைத்தான் படிக்கிறது. துளை அமைப்பு மாறினால் இன்ஜின் சுற்றும், ஆனால் ஸ்டார்ட் ஆகாது.

பந்தயத்துக்கு ஓட்டுபவர்கள் எஸ்எஃப்ஐ 29.1 என்ற பந்தயப் பாதுகாப்புத் தர முத்திரை உள்ள பிளேட்டைப் பார்க்க வேண்டும். தினசரி ஓட்டத்துக்கு வண்டியோடு வந்த தரமே போதும். தடித்தது நல்லது என்று நினைத்து வாங்குவதில் பயனில்லை.

வேலை தொடங்கும் முன் என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

கியர்பாக்ஸ் ஜாக்கி, காரைத் தாங்க உறுதியான ஸ்டாண்டுகள், இன்ஜினின் பின்பக்கத்தைத் தாங்க ஒரு தாங்கி, டார்க் ரெஞ்ச், கோணம் காட்டும் அளவி, ரிங் கியரைப் பிடித்து நிறுத்தும் பூட்டு, நேர்விளிம்புச் சட்டம், வெர்னியர் காலிப்பர், டயல் கேஜ் (மிகச் சிறிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவி). டயல் கேஜ் இல்லாமல் பலர் செய்கிறார்கள்தான். ஆனால் பழைய பிளேட் விரிசல் விட்டுத்தான் போனது என்றால் அது கட்டாயம் வேண்டும்.

பாகங்களில் புது பிளேட், புது கிராங்க் போல்ட்டுகள், புது கன்வெர்ட்டர் போல்ட்டுகள், கையேடு சொல்லும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில் ஆகியவை தேவை. இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலையும் கியர்பாக்ஸின் முன்பக்க சீலையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். விலை குறைந்த இந்தச் சீல்களை மாற்ற, இதே அளவு பிரிக்கும் வேலை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

கழற்றும் வரிசை என்ன?

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் எடுங்கள். ஸ்டார்ட்டர், டிரைவ் ஷாஃப்ட், கூலர் குழாய்கள், ஒயர் இணைப்புகள், கியர் மாற்றும் கேபிள் ஆகியவற்றைப் பிரியுங்கள். ஸ்டார்ட்டர் துளை வழியாகவோ அடி மூடி வழியாகவோ கன்வெர்ட்டர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். 3, 4 அல்லது 6 இருக்கும். கிராங்க்கை முன்பக்கப் புல்லி போல்ட்டைப் பிடித்து, இன்ஜின் ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் சில இன்ஜின்களில் டைமிங் செயின் தளர்ந்து பல் தாண்டிவிடும். கன்வெர்ட்டரும் பிளேட்டும் சேர்ந்த இடத்தில் இரண்டிலும் ஒரு பெயிண்ட் குறி வையுங்கள்.

பெல் ஹவுசிங் போல்ட்டுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். ஓர் அட்டையில் பெல் ஹவுசிங்கின் வட்டத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் போல்ட்டைக் குத்தி வைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பம் இராது.

கியர்பாக்ஸைப் பின்னுக்கு இழுக்கும்போது கன்வெர்ட்டர் அதோடே வர வேண்டும். இன்ஜின் பக்கம் தங்கிவிட்டால் முன்பக்க சீல் கிழியும், லிட்டர் கணக்கில் ஆயில் தலையில் கொட்டும். வெளியே வந்ததும் பெல் ஹவுசிங்கின் வாயில் குறுக்கே ஒரு பட்டையைப் போல்ட் செய்து, அது நழுவாமல் பிடியுங்கள். கன்வெர்ட்டர் காலில் விழுந்தால் எலும்பு முறியும் எடை அது.

எந்தப் பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும்?

பல பிளேட்டுகளில் இன்ஜின் பக்கம் அல்லது கியர்பாக்ஸ் பக்கம் என்று அச்சிட்டிருக்கும். இல்லையென்றால் பழையதைக் கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டினால் ரிங் கியர் சில மி.மீ. முன்னேயோ பின்னேயோ போய்விடும். ஸ்டார்ட்டர் பல் பாதியளவே கடிக்கும், அல்லது கன்வெர்ட்டர் போல்ட் தலைகள் இன்ஜின் பிளாக்கில் இடிக்கும்.

கிராங்க் போல்ட் துளைகளில் ஒன்று சற்றே தள்ளியிருப்பது சாதாரணம். எல்லாத் துளைகளும் ஒரே ஒரு நிலையில்தான் நேராக வரும். ஐந்து நேராகி ஆறாவது வரவில்லை என்றால் துளையை அரம் போட்டுப் பெரிதாக்காதீர்கள், பிளேட்டைச் சுற்றிப் பாருங்கள்.

டொயோட்டா போன்ற சில இன்ஜின்களில் பிளேட்டுக்கு முன்னும் பின்னும் வளையத் தகடுகள் வரும். அவை விரிசலைத் தடுக்கவும் ஆழத்தைச் சரியாக வைக்கவும் போட்டவை. தரையில் விழுந்து கிடக்கும் வளையம் ஒன்று மிஞ்சினால் பிளேட்டை மறுபடி கழற்றியே ஆக வேண்டும்.

கிராங்க் போல்ட்டுகளை எவ்வளவு முறுக்குவது?

கிராங்க் முகத்தையும் மரைகளையும் கரைப்பான் தெளித்து எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து, சிறு பிசிறு இருந்தால் தட்டையான அரத்தால் எடுத்துவிடுங்கள். முகத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு துணுக்கு, ரிங் கியர் விளிம்பில் பல மடங்கு ஆட்டமாகத் தெரியும்.

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். பிறகு எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், மூன்று சுற்றாக முறுக்குங்கள். ஜிஎம் எல்எஸ் வகை வி8 இன்ஜின்களில் முதல் சுற்று 20, அடுத்து 50, கடைசியாக 100 நியூட்டன் மீட்டர். பழைய ஷெவர்லே ஸ்மால் பிளாக்கில் 60 அடி-பவுண்டு, அதாவது சுமார் 81 நியூட்டன் மீட்டர். ஃபோக்ஸ்வாகன் இன்ஜின்கள் பலவற்றில் 60 நியூட்டன் மீட்டருக்குப் பிறகு கால் சுற்று, 90 டிகிரி. கோணம் சொல்லும் போல்ட் எதுவாயினும் அது நீண்டுகொடுக்கும் வகை. ஒரு முறை முறுக்கியதை மறுபடி போடக் கூடாது.

காற்றுத் துப்பாக்கியால் இறுக்குவதை இந்த இடத்தில் முற்றிலும் தவிருங்கள். ஒரு போல்ட் 120-லும் பக்கத்தது 70-லும் நின்றால், தளர்ந்ததைச் சுற்றித்தான் முதல் கீறல் விழும்.

மேனுவல் காரின் ஃப்ளைவீல் போல்ட்டும் வேண்டாம். மரை ஒன்றாக இருந்தாலும் நீளமும் தலையின் உயரமும் வேறு. உயரமான தலை கன்வெர்ட்டரின் முகத்தில் உரசும்.

மரைப் பசை போட வேண்டுமா?

புதிய போல்ட் பலவற்றில் பசை ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும், அதன் மேல் இன்னொன்று தேவையில்லை. பூசாத போல்ட்டுக்கு நடுத்தர வலிமையுள்ள பசை இரண்டு சொட்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சில இன்ஜின்களில் கிராங்க் போல்ட் துளை ஊடுருவி மறுபக்கம் ஆயில் உள்ள இடத்தில் திறக்கும். அங்கே பசையின் வேலை போல்ட்டைப் பிடிப்பது மட்டுமல்ல, ஆயிலை அடைப்பதும்தான். மரையில் அடைப்பான் போடாமல் விட்டால் ஆயில் போல்ட் வழியாகக் கசிந்து பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும். புது ஆயில் சீல் ஒழுகுகிறது என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி இறக்குவார்கள்.

மாட்டிய பிளேட் நேராகச் சுற்றுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

டயல் கேஜைப் பிளாக்கில் நிறுத்தி, முள்ளைக் கன்வெர்ட்டர் போல்ட் துளைகளுக்கு அருகே வைத்துக் கிராங்க்கை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க்கை ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். இல்லையென்றால் கிராங்க்கின் முன்பின் ஆட்டமும் அளவில் சேர்ந்துவிடும். பொதுவாக 0.25 முதல் 0.4 மி.மீ. வரை ஏற்கத்தக்கது. மீறினால் கழற்றி, முகத்தைத் துடைத்து மறுபடி மாட்டிப் பாருங்கள். பாதி நேரம் அழுக்குதான் காரணம்.

கன்வெர்ட்டர் முழுதாக உள்ளே உட்கார்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது?

இந்த வேலையில் அதிக இழப்பு நேர்வது இந்த இடத்தில். கன்வெர்ட்டர் மூன்று இடங்களில் பிடிக்க வேண்டும்: உள்ளீட்டு ஷாஃப்ட்டின் பற்கள், ஸ்டேட்டர் தாங்கியின் பற்கள், ஆயில் பம்ப்பின் காதுகள். முதல் இரண்டு பிடித்ததுமே உட்கார்ந்துவிட்டதுபோலத் தோன்றும். மூன்றாவது பிடிக்காமல் கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்த்துப் போல்ட்டை இறுக்கினால் பம்ப்பின் காது உடையும்.

ஏற்றும் முன் கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் அளவுக்குப் புது ஏடிஎஃப் ஊற்றுங்கள், முன்பக்க சீலின் உதட்டில் சிறிது ஆயில் தடவுங்கள். கன்வெர்ட்டரை நேராகப் பிடித்து, சுற்றிக்கொண்டே மெதுவாக உள்ளே தள்ளுங்கள். மூன்று முறை 'டொக்' என்று படிப்படியாக இறங்குவது கையில் தெரியும். பிறகு நேர்விளிம்புச் சட்டத்தைப் பெல் ஹவுசிங்கின் வாயில் குறுக்கே வைத்து, அதிலிருந்து கன்வெர்ட்டரின் போல்ட் மேடை வரை உள்ள ஆழத்தை அளந்து எழுதுங்கள். இந்த எண் அடுத்த கேள்விக்கு வேண்டும்.

கன்வெர்ட்டருக்கும் பிளேட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும்?

பெல் ஹவுசிங் இறுகியதும், கன்வெர்ட்டரைப் பின்னே முழுதாகத் தள்ளிய நிலையில், பெரும்பாலான வண்டிகளில் 1.6 முதல் 4.8 மி.மீ. வரை, சுமார் 3 மி.மீ. இருந்தால் நன்று. போல்ட்டை இறுக்கும்போது கன்வெர்ட்டர் இவ்வளவு தூரம் முன்னே வந்து பிளேட்டில் அமரும்.

இதை ஏற்றும் முன்பே கணக்கிடலாம். பெல் ஹவுசிங் வாயிலிருந்து போல்ட் மேடை வரை 28 மி.மீ., பிளாக்கின் பின்முகத்திலிருந்து பிளேட்டின் முகம் வரை 25 மி.மீ. என்றால் இடைவெளி 3 மி.மீ. நடுவே ஒரு மி.மீ. கனமுள்ள இடைத்தகடு வருமானால் அதையும் கூட்டி 4.

இடைவெளி குறைந்தால், கன்வெர்ட்டர் சூடேறி உப்பும்போது போக இடமின்றி பம்ப்பை அழுத்தும். பம்ப் உள்ளே உரசித் தேய்ந்து, ஆயிலில் உலோகப் பொடி சேரும். கிராங்க்கின் தள்ளுவிசை பேரிங்கும் கூடவே போகும். இடைவெளி மிகுந்தால் எதிர்ப்பிரச்சினை. கன்வெர்ட்டர் பம்ப்பின் பிடியிலிருந்து ஏறக்குறைய வெளியே வந்துவிடும், காதுகள் நுனியில் மட்டும் தாங்கி ஒடியும். பிளேட்டும் குழிந்து இழுபட்டு நிற்கும். 4.8-ஐத் தாண்டினால் ஒவ்வொரு போல்ட் மேடையிலும் ஒரே கனமுள்ள கடினமான வாஷரை ஷிம்மாக (இடைநிரப்பியாக) வையுங்கள். கையில் கிடைத்த மெல்லிய சாதா வாஷர் நசுங்கிவிடும்.

வேறு தலைமுறை இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும்போது இன்னொன்றும் சேர்கிறது. கன்வெர்ட்டரின் முன்மூக்கு கிராங்க்கின் நடுக்குழிக்குள் இறுக்கமில்லாமல் ஆனால் ஆட்டமில்லாமல் நுழைய வேண்டும். அதுதான் கன்வெர்ட்டரை மையத்தில் நிறுத்துகிறது. எல்எஸ் இன்ஜினின் பின்னே பழைய டர்போ 350 அல்லது 400 கியர்பாக்ஸை வைப்பவர்கள் கிராங்க்குக்கு இடைவளையமும் நீளமான போல்ட்டும் தட்டையான பிளேட்டும் போடுவது இந்தக் காரணத்தால்தான். அதை விட்டுவிட்டால் கன்வெர்ட்டர் பிளேட்டின் போல்ட்டிலேயே தொங்கும்.

கியர்பாக்ஸ் பிளாக்கோடு ஒட்ட மறுக்கிறது. போல்ட்டால் இழுத்துவிடலாமா?

கூடாது. விரல் பலத்தில் முகத்தோடு முகம் சேர வேண்டும். சேராத அந்த ஓரிரு சென்டிமீட்டர், கன்வெர்ட்டர் இன்னும் உள்ளே இறங்கவில்லை என்பதன் அடையாளம். பின்னே இழுத்து, ஆழத்தை மறுபடி அளந்து பாருங்கள். ஒயரோ குழாயோ நடுவே சிக்கியிருக்கிறதா என்றும் தேடுங்கள்.

சேர்ந்து, பெல் ஹவுசிங் போல்ட் முழுதும் இறுகியபின், பிளேட்டோடு இணைக்கும் முன் கன்வெர்ட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும், கொஞ்சம் முன்பின்னாகவும் நகர வேண்டும். சுற்றவில்லை என்றால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் எண்ணத்தையே அங்கு நிறுத்துங்கள்.

கன்வெர்ட்டர் போல்ட்டுகளில் கவனிக்க வேண்டியது?

நீளம். மிக நீண்ட போல்ட், மேடையைத் தாண்டி கன்வெர்ட்டரின் முகத்தை உள்ளே குமிழாக்கும். லாக்-அப் (கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) உள்ள கன்வெர்ட்டரில் அந்த முகத்தின் உட்புறத்தில்தான் கிளட்ச் உரசுகிறது. வெளியே ஒரு சிறு குமிழ், உள்ளே கிளட்ச் அதிர்வு, கடைசியில் புது கன்வெர்ட்டர். சாதா ஸ்பேனரால் இறுக்காமல் எல்லா போல்ட்டையும் முதலில் சில மரை ஏற்றி, பிறகு கிராங்க்கைச் சுற்றிச் சுற்றி முறுக்குங்கள்.

முதல் ஸ்டார்ட் எப்படி?

எரிபொருள் பம்ப்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை 3-4 நொடி மட்டும் சுற்றிக் கேளுங்கள். உலோகம் உரசும் மெல்லிய சத்தம் வந்தால் பெரும்பாலும் வளைந்த தூசுத் தகடுதான். ஷிம் வைத்துச் சரிசெய்யும் ஸ்டார்ட்டர்களில், சுற்றும்போதே கீச்சென்றால் பல்லிடைவெளி அதிகம். இன்ஜின் பிடித்தபின் கீச்சென்றால் குறைவு. பல் நுனிக்கும் எதிர்ப்பல்லின் அடிக்கும் நடுவே சுமார் 0.5 முதல் 0.9 மி.மீ. இருக்க வேண்டும்.

பிறகு ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில நொடி நிறுத்தி பி-க்கு வாருங்கள். ஆயில் அளவை, கையேடு சொன்ன சூட்டில் பாருங்கள். கன்வெர்ட்டர் நிரம்பும்போது அளவு இறங்கும், கூடவே ஊற்ற வேண்டியிருக்கும்.

அதிர்வு இருந்தால், மூன்று போல்ட் கன்வெர்ட்டரை 120 டிகிரி திருப்பி மாட்டிப் பாருங்கள். கழற்றும்போது வைத்த பெயிண்ட் குறியைப் புது பிளேட்டிலும் அதே இடத்தில் வைத்து மாட்டியிருந்தால் இந்தச் சோதனை பெரும்பாலும் தேவைப்படாது. எங்கே திருப்பினாலும் அதிர்வு மாறவில்லை என்றால் சமநிலை எடையைச் சந்தேகியுங்கள்.

புது பிளேட்டும் சில மாதத்தில் விரிசல் விட்டது. பிளேட் மட்டமானதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் பிளாக்கின் பின்முகத்தில், கியர்பாக்ஸை மையத்தில் நிறுத்தும் இரண்டு டோவல் பின்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிளாக் மாற்றும்போதோ இன்ஜினைப் புதுப்பிக்கும்போதோ இவை பழைய பிளாக்கிலேயே தங்கிவிடுகின்றன. பெல் ஹவுசிங் போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்குமே தவிர மையத்தில் நிறுத்தாது. போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவே உள்ள ஆட்டம் அளவுக்குக் கியர்பாக்ஸ் கீழே இறங்கி நிற்கும்.

டோவல் இருந்தும் உடைகிறது என்றால் மையத்தை அளக்க வேண்டும். காலியான கியர்பாக்ஸ் கூடு அல்லது தனியாகக் கழலும் பெல் ஹவுசிங் என்றால், டயல் கேஜைக் கிராங்க்கில் பொருத்தி, முள்ளை நடுத்துளையின் உட்சுவரில் வைத்துச் சுற்றுங்கள். முள் காட்டும் முழு வேறுபாடு உண்மையான விலகலைப்போல இரு மடங்கு. 0.25 மி.மீ. காட்டினால் மையம் விலகியிருப்பது 0.125 தான். அதற்கு மேல் போனால் மையம் தள்ளிச் செய்யப்பட்ட டோவல் பின் போட்டு மையத்துக்குக் கொண்டுவரலாம்.

கீறல் எங்கே விழுந்தது என்பதும் வழிகாட்டும். கிராங்க் போல்ட்டுகளைச் சுற்றி வட்டமாகப் போனால் மைய விலகல் அல்லது தளர்ந்த போல்ட். கன்வெர்ட்டர் போல்ட் துளையிலிருந்து தொடங்கியிருந்தால் இடைவெளியையும் ஷிம்மையும் பாருங்கள். உடைந்த பிளேட்டைத் தூக்கி எறியும் முன் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விரிசலை வெல்டு செய்து ஓட்டலாமா? பல்வளையத்தை மட்டும் மாற்றலாமா?

இரண்டும் வேண்டாம். வெல்டின் சூட்டில் மெல்லிய தகடு நெளியும், சமநிலையும் போகும், வெல்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த கீறல் விழும். ஃப்ளைவீலில் பல்வளையம் சூடாக்கி ஏற்றியது, தனியே மாற்றலாம். ஃப்ளெக்ஸ்பிளேட்டில் அது வெல்டு செய்தது, முழுதாகத்தான் மாற்ற வேண்டும்.